ஆமை புகுந்த வீடு

“ஆமை பூந்த வீடு உருப்படாது எண்டு சொல்லுறவை. உதை வீட்டுக்குள்ள கொண்டு வராதை. கராஜுக்குள்ள வை.”

எங்கள் அம்மா வாசற்படியில் நின்று இப்படிச் சொன்னபோது எங்கள் கைகளில் ஒரு காகிதப் பெட்டி இருந்தது. அதற்குள் ஓடு பிளந்த ஓர் ஆமை இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் பூசை முடிந்து, பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்காக ஹன்டர்டன் கவுண்டியில் ஒரு பண்ணைக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போனோம். திரும்பும் வழியில், இருபுறமும் மரங்கள் நின்ற ஒரு குறுகிய சாலையில், சக்கரத்தின் கீழ் ஏதோ தட்டியது போல ஒரு சத்தம். எங்களுக்கு முன்னே ஒரு சிறிய லொறி போய்க் கொண்டிருந்தது. அதன் சத்தமா, எங்கள் சக்கரமா? கண்ணாடியில் பார்த்த இளையவள், “அப்பா, அங்கே ஏதோ கிடக்கிறது” என்றாள். காரை ஓரம் கட்டினோம்.

உள்ளங்கையில் அடங்கும் அளவு. மேடாக வளைந்த ஓட்டில் மஞ்சளும் செம்மஞ்சளுமாகக் கோடுகள். நியூ ஜேர்சியின் காடுகளிலும் சதுப்பு ஓரங்களிலும் வாழும் பெட்டி ஆமை அது. அடி ஓட்டில் கீல் போன்ற ஒரு மடிப்பு உண்டு. அதைக் கொண்டு தன்னை முழுதாக மூடிக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பெயர். ஐம்புலன்களையும் அடக்குவதற்கு வள்ளுவரும் ஆமையைத்தான் உவமை காட்டினார், கீதையும் ஆமையைத்தான் காட்டுகிறது. ஆனால் எங்கள் முன் கிடந்த ஆமையால் தன்னை மூடிக்கொள்ள முடியவில்லை. ஓட்டின் வலப்புறம் பிளந்து இரத்தம் கசிந்தது.

அன்றிரவு நாங்கள் செய்தவை எல்லாம் அன்போடு செய்தவை. அநேகமாக எல்லாமே பிழையானவை. தட்டில் தண்ணீர் வைத்தோம். லெட்யூஸ் இலை வைத்தோம். உருப்படாது என்று சொன்ன அம்மாவே பத்து மணிக்கு எழுந்து வந்து, காயத்தில் மஞ்சள் தூளைக் குழைத்துப் பூசிவிட்டார். இளையவள் அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை, காட்டு உயிர்களைப் பராமரிக்க மாநில அனுமதி பெற்ற ஓர் அம்மையாரைத் தொலைபேசியில் பிடித்தோம். இந்த மாநிலத்தில் அத்தகைய அனுமதி இல்லாமல் காட்டு ஆமையை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. மஞ்சளைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரித்தார், கோபிக்கவில்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டார். காயம் எவ்வளவு ஆழம் என்றல்ல, இரத்தம் நின்றதா என்றும் அல்ல. “எந்த இடத்தில் எடுத்தீர்கள்? சரியாக எந்த இடம்?”

எங்களிடம் பதில் இல்லை. 30 மைல் தள்ளி, பெயர் கவனிக்காத ஒரு சாலையில் இருந்து அதைத் தூக்கி வந்திருந்தோம்.

இடம் ஏன் அவ்வளவு முக்கியம்? பெட்டி ஆமை தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சில ஏக்கர் நிலத்துக்குள்ளேயே கழிக்கிறது. எந்த மரத்தடியில் காளான் முளைக்கும், கோடையில் எங்கே தண்ணீர் வற்றாது, பனிக்காலத்தில் எந்த மண்ணில் புதைந்து உறங்கலாம் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். 50 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய உயிர். நூறைத் தாண்டியவையும் உண்டு. அதைத் தூக்கிக் கொண்டுபோய் இன்னொரு காட்டில், இதைவிட அழகான காட்டிலேயே விட்டாலும், பெரும்பாலும் அது அங்கே தங்குவதில்லை. தன் இடத்தைத் தேடி நடக்கத் தொடங்குகிறது. அந்த நடையில் சாலைகளைக் கடக்கிறது. பல அங்கேயே முடிந்துவிடுகின்றன. காயத்தை ஆற்றிவிட்டு இடம் மாற்றி விட்டால், காப்பாற்றியதாக நாம் நினைப்போம். ஆமையின் பக்கம் நின்று பார்த்தால் அது இரண்டாவது விபத்து.

அந்த வாரக் கடைசியில் மீண்டும் போனோம். பழம் விற்ற பலகைக் கடையையும், அதற்கு அப்பால் ஒரு சிவப்புத் தபால் பெட்டியையும் இளையவள் ஞாபகம் வைத்திருந்தாள். ஆமையின் தலை எந்தப் பக்கம் நோக்கி இருந்தது என்பதையும் அவளே சொன்னாள்: ஓடை இருந்த பக்கம். குறுக்குச் சாலையின் பெயரையும் அங்கிருந்து தூரத்தையும் எழுதிக்கொண்டோம். வரவு செலவுப் புத்தகத்தில் ஒரு தொகையும் பிசகாமல் எழுதிப் பழகிய எமக்கு, அன்று எழுதிய அந்த ஒரு வரிதான் அந்த ஆண்டில் எழுதிய முக்கியமான பதிவு என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் பதிவில் இருந்துதான் எங்கள் கேள்வியும் பிறந்தது. காயம்பட்ட ஓர் உயிரைப் பார்த்துக்கொள்வது கருணையா, கடனா?

கோயிலில் இதைப் பற்றிக் கதைத்தபோது பலர், “பெரிய புண்ணியம் செய்திருக்கிறீர்கள்” என்றார்கள். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் மனதுக்குள் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தட்டியது எங்கள் சக்கரம் என்றால்? கணக்கை எப்படி முடிப்பது? இன்றுவரை தெரியாது. முன்னே போன லொறி என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சாலை யாருக்காகப் போடப்பட்டது? ஸ்ட்ராபெரி பறிக்கப் போகும் எங்களைப் போன்றவர்களுக்காகத்தானே? ஆகவே புண்ணியம் என்று வரவில் எழுத எம் கை கூசியது.

கணக்கியலில் ஓர் ஆரம்பப் பாடம் உண்டு. பிறர் நம்மிடம் பத்திரமாக வைக்கும்படி கொடுத்த பணம், நம் பெட்டியில் இருந்தாலும் நம் சொத்து ஆகாது. அது பொறுப்புகளின் பக்கத்தில் எழுதப்பட வேண்டும், ஒருநாள் திருப்பிக் கொடுக்க வேண்டியது என்று. தமிழில் இதற்கு ஒரு சொல் உண்டு: அடைக்கலப் பொருள். தஞ்சம் புகுந்தவருக்குக் கொடுக்கும் இடமும் அடைக்கலம். நம்பி ஒப்படைக்கப்பட்டதும் அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு பகுதி இருக்கிறது. மதுரையின் புறத்தே கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குலப் பெண்ணான மாதரியிடம் ஒப்படைக்கிறார். மாதரி செய்த குற்றம் எதுவும் இல்லை. இருந்தும், பெற்ற அடைக்கலத்தைக் காக்க முடியவில்லையே என்று அவள் பின்னர் தீயில் புகுந்தாள் என்று அந்தக் காப்பியம் சொல்கிறது. அவ்வளவு கனமான சொல் அது. அடைக்கலமாக வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கனம் கூடுதலாகத் தெரியும்.

எனவே எங்கள் விடை இது: காயம்பட்ட உயிரைப் பேணுவது தானம் அல்ல, கடன். அந்தக் கடன் ஓடு ஒட்டியவுடன் தீர்வதில்லை; உரிய இடத்தில், உரிய நேரத்தில் திருப்பி வைக்கும்போதுதான் தீரும். பேணியவருக்கு அதை வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை. நன்றி கேட்கும் உரிமையும் இல்லை.

இந்தக் கடன் ஒரு குடும்பத்தின் கடன் மட்டும் அல்ல. நம் மாநிலத்தின் கடற்கரையிலேயே பாருங்கள். உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகங்களில் டைமண்ட்பேக் டெரப்பின் என்ற ஆமை வாழ்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பணக்காரர் விருந்துகளில் இதன் சூப் பெரிய பெருமை. தின்றே கிட்டத்தட்ட அழித்துவிட்டார்கள். 1920இல் மதுவிலக்கு வந்து, சூப்பில் ஊற்றும் ஷெர்ரி மது கிடைக்காமல் போனதும் அதன் மவுசு குறைந்ததற்கு ஒரு காரணம். நியூ ஜேர்சி 2016இல்தான் இதைப் பிடிப்பதைச் சட்டத்தால் முழுமையாக நிறுத்தியது. முட்டையிடும் மணல் மேடுகளில் நாம் விடுமுறை வீடுகள் கட்டிவிட்டோம். ஆகவே ஜூன், ஜூலையில் பெண் ஆமைகள் சாலைக் கரைகளைத் தேடி ஏறுகின்றன. 2011 ஜூனில் சுமார் 150 ஆமைகள் நியூயோர்க் கென்னடி விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு ஏறி வந்து விமானங்களைத் தாமதப்படுத்தியதைச் சிலர் நினைவில் வைத்திருப்பீர்கள்.

ஸ்டோன் ஹார்பரில் உள்ள வெட்லண்ட்ஸ் இன்ஸ்டிட்யூட் 1989 முதல் ஒரு வேலை செய்துவருகிறது. முட்டையிடும் காலத்தில் சாலைகளில் ரோந்து போகிறார்கள். கடக்கும் ஆமைகளைக் கடத்தி விடுகிறார்கள். அடிபட்டு இறந்துவிட்ட தாயின் வயிற்றில் இருந்தும் முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைக்கிறார்கள். ஸ்டாக்டன் பல்கலைக்கழகத்தில் அந்தக் குஞ்சுகளை வளர்த்து, பிறகு அதே கழிமுகங்களில் விடுகிறார்கள். தாய் போய்விட்டாள், அவள் சுமந்ததையாவது சேர வேண்டிய இடத்தில் சேர்க்கிறார்கள். இதைக் கடன் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அமெரிக்கரின் சூப்பைச் சொல்லிவிட்டு எம்மைச் சொல்லாமல் விட்டால் கணக்கு ஒருதலையாகிவிடும். யாழ்ப்பாணச் சந்தையில் கடலாமையை உயிரோடு கிடத்தி, கேட்பவருக்குக் கேட்ட துண்டை அறுத்து விற்றதை எமர்சன் டெனன்ட் 1861இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். இலங்கையில் கடலாமைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது 1972இல். கூர்மாவதாரத்தைக் கும்பிட்ட ஊரில்தான் அதுவும் நடந்தது. எந்த ஊர்ப் புத்தகமும் சுத்தமாக இல்லை.

இந்த இடத்தில் ஒரு நண்பர் கேட்ட கேள்வியைச் சொல்ல வேண்டும். அன்னதான வரிசையில் நின்றபோது அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்: “ஊரிலை சனம் செத்த நேரம் எங்களுக்கு ஆர் அழுதவை? நீங்கள் ஆமைக்கு அழுகிறியளோ?” கோபத்தில் கேட்டதல்ல, வலியில் கேட்டது. அன்று எங்களுக்குப் பதில் வரவில்லை. பல நாள் யோசித்த பின் தோன்றியது இதுதான். நம்மால் அடைக்கவே முடியாத பெரிய கடன்கள் இருக்கின்றன. நம்மை விட்டுப் போனவர்களுக்கு நாம் பட்ட கடனை எந்தத் தவணையிலும் கட்டி முடிக்க முடியாது. ஆனால் பெரிய கடனை அடைக்க வழியில்லை என்பதற்காக, வாசலில் வந்து நிற்கும் சிறிய கடன்காரரையும் வெறுங்கையோடு அனுப்பினால் அது நாணயம் ஆகாது.

2021 பெப்ரவரியில் டெக்சாஸைப் பனிப்புயல் தாக்கியது. ஹியூஸ்டன் அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் இல்லை, குழாய்கள் வெடித்தன, மாநிலத்தில் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே நாட்களில் தெற்குக் கடற்கரையில் கடல்நீர் குளிர்ந்து, பேராமைகள் அசையும் சக்தியை இழந்து மிதந்தன. சவுத் பாட்ரே தீவு மக்கள், தங்கள் வீடுகளிலேயே வெளிச்சம் இல்லாத நிலையில், படகுகளிலும் கார்களின் பின்பெட்டிகளிலும் அவற்றை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மாநாட்டு மண்டபத்தின் தரை முழுவதும் ஆமைகள், ஏறத்தாழ 5,000. கடல் சூடேறியதும் பிழைத்தவற்றைத் திருப்பி விட்டார்கள். மனிதர் துன்பப்படும் நேரத்தில் ஆமைக்கு ஏன் என்று அவர்களிடமும் கேட்டிருக்கலாம். இரக்கம் ஒரு குடத்துத் தண்ணீர் அல்ல, இங்கே ஊற்றினால் அங்கே குறைந்துபோவதற்கு.

ஆனால் திருப்பி விடுவதே எப்போதும் சரி என்றும் சொல்ல முடியாது. அதே தீவில், ஐலா லோச்சர் என்ற பெண்மணி 1977இல் தொடங்கிய கடலாமைக் காப்பகத்துக்கு, 2005இல் அலிசன் என்று பின்னர் பெயரிடப்பட்ட ஒரு பேராமை வந்தது. நான்கு துடுப்புகளில் மூன்று போய்விட்டன. ஒற்றைத் துடுப்பால் அதற்கு வட்டம் சுற்ற மட்டுமே முடிந்தது. 2009இல் அங்கே பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞர், முதுகில் துடுப்பு வைத்த ஓர் உறையைச் செய்து மாட்டினார். ஆமை நேராக நீந்தியது. ஆனாலும் அதைக் கடலில் விட முடியாது. அங்கே அதை வைத்துப் பேணுவதே கடனை அடைப்பது.

திருப்பி விடுதல் என்ற பெயரில் நாம் செய்யும் பிழையும் உண்டு. கடையில் வாங்கிய, காதோரம் சிவப்புக் கோடுள்ள சிறிய ஆமை வளர்ந்து தொட்டிக்குப் பெரிதானதும், “பாவம், விட்டுவிடுவோம்” என்று ஏரியில் விடுகிறார்கள். சிலர் நேர்த்தி என்று கோயில் குளங்களிலும் விடுகிறார்கள். அந்த இனம் அமெரிக்காவின் தென்பகுதிக்கு உரியது. மற்ற இடங்களில் அது சொந்த ஊர் ஆமைகளின் இடத்தையும் உணவையும் பிடித்துக்கொள்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் மவுண்டன் லேக்கில் இப்படி விடப்பட்டவற்றை அகற்றிய பிறகே, 2015இல் அந்த மண்ணுக்குரிய குளத்து ஆமைகளை மீண்டும் கொண்டுவந்து விட முடிந்தது.

அவிழ்த்து விடுவது வேறு, விடுதலை வேறு. இதை நாங்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, எங்கள் வீட்டுப் பசுவின் கயிற்றை அவிழ்த்து விட்டுவிட்டுத்தான் படலையைத் தாண்டினோம். கட்டியிருந்தால் செத்துவிடும் என்று அவிழ்த்தோம். அது எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியாது, அதற்கும் தெரிந்திருக்காது. போக ஓர் இடம் இருந்தால்தான் அது விடுதலை.

காத்து வைத்திருந்து திருப்பிக் கொடுப்பதில் ஒரு கோயில் நமக்கு வழிகாட்டியிருக்கிறது. அசாமில் ஹாஜோ என்ற ஊரில் ஹயக்ரீவ மாதவர் கோயில் இருக்கிறது. அதன் குளத்து ஆமைகளைத் திருமாலின் வடிவமாகவே மக்கள் பேணினார்கள். அவற்றுள் ஒன்று மென்மையான ஓடுள்ள ஒரு கரிய ஆமை இனம். 2002இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், அந்த இனம் இயற்கையில் அற்றுப்போய்விட்டது என்று அறிவித்தது. ஆனால் கோயில் குளங்களில் அது மிஞ்சியிருந்தது. பின்னர் அந்தக் குளத்து முட்டைகளைப் பொரிக்க வைத்து, 2019இல் குஞ்சுகளைப் பொபிதோரா சரணாலயத்தில் விட்டார்கள். பக்தி என்ற பெயரில் பல தலைமுறை காத்த அடைக்கலப் பொருள், உரிய இடத்துக்குத் திரும்பியது. கோயில் என்றால் இதுவல்லவா?

எங்கள் ஆமையின் கதைக்கு வருவோம். அது பெண் என்றும், ஓட்டின் வளையங்கள் தேய்ந்திருப்பதால் பல பத்தாண்டு வயது இருக்கும் என்றும் அந்த அம்மையார் சொன்னார். ஆமையின் ஓடு வெறும் கூடு அல்ல; விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்த உயிருள்ள எலும்பு, தொட்டால் அதற்குத் தெரியும், உடைந்தால் வலிக்கும். காயத்தைக் கழுவி, வலிக்கும் கிருமிக்கும் மருந்து கொடுத்து, ஓட்டின் இரு பக்கமும் சிறு கொக்கிகளை ஒட்டிக் கம்பியால் இழுத்துக் கட்டினார்கள். ஆறப் பல மாதங்கள் ஆயின. இலையுதிர் காலத்தில் விட்டால் பனிக்கு முன் புதைந்துகொள்ள நேரம் போதாது என்று குளிர்காலம் முழுவதும் அங்கேயே வைத்திருந்தார்கள். மே மாதக் கடைசியில் அழைப்பு வந்தது.

சிவப்புத் தபால் பெட்டி அங்கேயே இருந்தது. ஓடைப் பக்கம், சாலையில் இருந்து தள்ளி, மரத்தடியில் இறக்கி வைத்தோம். தன்னை முழுதாக மூடிக்கொண்டது. இப்போது மூட முடிந்தது. இருபது நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு தலை வந்தது, கால் வந்தது. நாலடி நடந்து ஒரு காளானைக் கடித்துப் பார்த்தது. சருகுகளுக்குள் இறங்கிய பின், ஓட்டின் கோடுகளையும் சருகின் மேல் விழுந்த வெயிலையும் எங்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. தான் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடப் போன இளையவள், வாயைத் திறந்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள்.

திரும்பும்போது காரில் அம்மா வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “எங்கட மாட்டுக்கு ஆரும் தண்ணி வைச்சிருப்பினமோ?” இத்தனை ஆண்டுகளில் அந்த மாட்டைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

ஆமைகள் சாலைக்கு வரும் பருவத்தில் அன்பர்கள் இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காயமில்லாத ஆமை சாலையைக் கடந்தால், உங்களுக்கு ஆபத்து இல்லாதபோது, அது போகும் திசையிலேயே அக்கரையில் விடுங்கள். வந்த பக்கம் விட்டால் மீண்டும் கடக்கும். அடிபட்டிருந்தால் காற்றோட்டமுள்ள பெட்டியில் துணி விரித்து, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். உணவும் தண்ணீரும் மஞ்சளும் வேண்டாம். அனுமதி பெற்ற பராமரிப்பாளரை அழையுங்கள். எல்லாவற்றுக்கும் முன், எடுத்த இடத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தப் பழமொழியை முழுதாகச் சொன்னவர் தமிழ்நாட்டு நண்பர் ஒருவர்: ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது. அமீனா என்பவர் யார்? நீதிமன்றத்தின் ஆணையோடு கடனை வசூலிக்க வீட்டுக்கு வருபவர். இரண்டையும் ஏன் சேர்த்துச் சொன்னார்கள் என்று எமக்குத் தெரியாது. ஆனால் எங்கள் கராஜில் ஓர் இரவு தங்கிய ஆமை, ஒரு வகையில் அமீனாவாகத்தான் வந்தது. நாம் மறந்திருந்த ஒரு கடனை நினைவூட்டி, அதில் ஒரு சிறு தவணையைப் பெற்றுக்கொண்டு போனது. மீதி இன்னும் இருக்கிறது.